ஜொகூர் பாரு கரைப்புல்: மூன்றாம் தாள்

1

இந்தக் கதைக்குக் காரணம் சோம்பல்தான். வேறொரு கட்டுரைக்காக, செடிகளை உலர்த்தி ஒட்டிவைத்த பழைய தாள்களைப் பார்க்கப் போனவன், எழுந்துபோகச் சோம்பி, பக்கத்து அடுக்கிலிருந்த மூன்று தாள்களையும் படித்துவிட்டேன். மூன்றிலும் ஒரே உவர்ப்புல். ஒரே இடம், ஜொகூர் பாரு கடற்கரை. ஓரத்தில் சேகரித்தவர் குறிப்பு. 1922: 'ஏராளம்.' 1926: 'ஆங்காங்கே.' 1931: 'ஒரே குத்து', அதாவது ஒரே ஒரு தூர். அதற்குப் பிறகு தாள் இல்லை.

2

'மழை விட்ட காலை. கடல் தன் நீல'

(வேண்டாம். கடலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. மாட்டுக்கு இருக்கிறது.)

1931இல் மண் கொட்டிக் கரையை மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். மீந்த சதுப்பில் ராஜம்மா தன் மாட்டுக்குப் புல் அறுத்தாள். வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவள். அதே புல்லைத் தேடி வந்தவன் செல்லப்பன்; செடிகளைச் சேகரித்துத் தாளுக்கிடையில் வைத்து உலர்த்தும் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் உதவியாள். அவனுக்குப் புல் பூவோடு வேண்டும். அவன் வரும்போதெல்லாம் பூவை மாடு தின்றிருந்தது.

3

முதல் வரைவில் ராஜம்மாவை வாயில்லாப் பூச்சியாக எழுதினேன். அடித்துவிட்டேன். பத்து வீட்டு வாசலில் நின்று பழகியவள் அப்படியா இருப்பாள்?

"அக்கா, அந்த ஒரு குத்த மட்டும் பத்து நாளைக்கு அறுக்காம விடுங்க."

"என் மாடு என்னத்தத் திங்கும்? உங்க தொரையோட காகிதத்தையா?"

"பூவோட வரலைன்னா வேலைக்கே வராதன்னுட்டாரு."

"அப்ப வேற புல்லு நீ கொண்டுவந்து போடு லா."

போட்டான். இரண்டு மைல் தள்ளி, மலாய்க்காரர் கிராமமான கம்பத்து ஓரத்தில் அறுத்து, தலைச்சுமையாக, பத்து நாளும்.*

* இங்கே ஒரு காதல் வைக்கலாமா என்று யோசித்தேன். வியர்த்து நின்றவனைப் பார்த்து ராஜம்மா, "ஈரப்புல்லு, மாட்டுக்கு வயிறு உப்பும்," என்றாள். விட்டுவிட்டேன்.

4

பத்தாம் நாள் அந்தியில் பூத்தது. பதினோராம் நாள் செல்லப்பனுக்கு முன்பே மண் லோரி வந்துவிட்டது. ராஜம்மா பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். லோரிக்காரன் கத்தினான். கொட்டிய மண் சரிந்து அவள் முழங்காலை மூடியது. குத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டு மேலேறினாள். செம்பு மண்ணுக்கடியில் போயிற்று.

செல்லப்பன் ஓடி வந்தான்.

"இந்தா, உன் பூவு."

தோள்துண்டால் அவள் கால் சேற்றைத் துடைக்கக் குனிந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"பாதிய எனக்கு வெட்டிக் குடு. ஆத்துப் பக்கம் நட்டுப் பாக்குறேன்."

"முழுக் குத்தா வேணும்னு சொல்லிருக்காரு அக்கா."

"முழுசும் உங்கிட்ட வந்தா காஞ்சிரும். பாதி எங்கிட்ட இருந்தா மொளைக்கும்."

5

'செல்லப்பன் கத்தியை எடுத்து'

இந்த வாக்கியத்தோடு நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். முழுதாகக் கொண்டுபோனான் என்று ஒரு முடிவு எழுதினேன். அதற்கப்புறம் ராஜம்மா என்னிடம் பேசவில்லை. பாதி வெட்டினான் என்று இன்னொன்று. மறுநாள் அவனை எங்கே வேலைக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. இரண்டையும் கிழித்தாயிற்று.

அங்கே வெயில் ஏறுகிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று ராஜம்மா அவசரப்படுகிறாள். வாசகரே, கத்தியை உங்களிடம் தருகிறேன். அவள் இன்னும் வேரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். வெட்டுவதானால் விரலைப் பார்த்து வெட்டுங்கள்.