அரம் பட்ட குன்றிமணி

குழந்தைக்கு விலை போட முடியுமா என்பார்கள். எங்கள் கடையில் ஒரு நண்பகலில் போட்டாயிற்று: ஆறு குன்றிமணி.

கடை அக்கா வீட்டுக்காரருடையது; நகைக்கடை. நான் கல்லாவில். மின்தராசு இருந்தும் மாமா அதைத் துணி போட்டு மூடியே வைத்திருப்பார். கைத்தராசும் எடைக்குக் குன்றிமணியும்தான் எப்போதும். "மெஷினுக்குக் கரண்டு வேணும். இது கொடியில காய்ச்சது, பொய் சொல்லத் தெரியாது" என்பார். வறண்ட புதர்க்காட்டில் கேட்பாரற்றுக் காய்க்கும் சிவப்பு விதை. சம்பளம் கேட்காத சாட்சி.

அன்று ஆட்டோக்காரம்மா வந்திருந்தார். மகள் தோட்டுக்காக மாதாமாதம் துளித் தங்கம் வாங்கிச் சேர்ப்பவர். அவர் பேரம் பேசினால் எதிராளிக்குத்தான் தொண்டை வறளும்.

"கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

"இதுக்குக் கீழ போனா, உங்க வண்டியில ஏறி நான் ஊரைவிட்டே போகணும்மா."

"ஏறுங்க. மீட்டருக்கு மேல கேக்க மாட்டேன்."

மூவரும் சிரித்தோம். திரும்பினால், ஆறு குன்றிமணி வைத்த தராசுத் தட்டு காலி. மேசைமேல் உட்கார்ந்திருந்த மாமாவின் ஒரு வயதுப் பாப்பா வாயை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

தரையில் மூன்று கிடந்தன. அவள் கைக்குள் ஒன்று. வாயைப் பிளந்தால் நாக்கு மட்டும்.

"ரெண்டைக் காணோம்!" என்று கத்தினேன்.

"ஐயோ, விஷங்க அது! ஏறுங்க எல்லாரும்!" ஆட்டோக்காரம்மா அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். பின்கட்டு வீட்டிலிருந்து அக்கா வெறுங்காலோடு ஓடி வந்து ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒன்றைத்தான் கேட்டார்.

"ஓடு முழுசா இருந்ததா? முழுசுன்னா அநேகமா அப்படியே வெளிய வந்துடும், காத்திருக்கலாம். ஓட்டை, கீறல் இருந்தா விஷம் உள்ள இறங்கிடும். அதுக்கு முறிவு மருந்து கிடையாது. மயக்கம் குடுத்துக் குழாய் விட்டு இப்பவே எடுக்கணும். இந்த வயசுக்கு அதுவும் விளையாட்டு இல்ல."

"இவளுக்கு நாலே பல்லு டாக்டர், கடிச்சிருக்க மாட்டா" என்றாள் அக்கா.

மாமா வாசல் பக்கம் பார்த்தார். பாப்பாவின் ஒற்றைச் செருப்போடு ஆட்டோக்காரம்மா நின்றிருந்தார்.

"கீறல் எதுவும் இல்ல" என்றார் மாமா.

"சரி, பார்ப்போம்." டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

பேரத்தில் மாமாவின் முகம் கல். அன்று அந்தக் கல் வேர்த்தது. ஆட்டோக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, கிட்டே வந்தார்.

"பயப்படாதீங்க சார். உங்க மணி பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"டாக்டர்!" மாமா கத்தியே விட்டார். "அரம் வச்சுத் தேய்ச்சிருக்கேன். எல்லா மணிக்கும். அடியில... எடை குறையறதுக்கு."

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கதவு மூடியது.

விற்கும்போது குன்றிமணி இளைத்தால் தங்கமும் கூடவே இளைக்கும். கல்லாவில் இருந்த எனக்கே அன்றுதான் தெரியும். ஆட்டோக்காரம்மா செருப்பை அக்காவின் மடியில் வைத்தார். அக்கா கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தபோது எஃகுத் தட்டில் இரண்டு விதை. அடியில் அரம் தின்ற வெள்ளை.

"இன்னும் ஊறல. கொஞ்சம் விட்டிருந்தா அவ்வளவுதான். ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. உள்ளே பாப்பா வீறிட்டாள். அக்கா அந்தச் சத்தத்தை நோக்கி ஓடினாள்.

"எத்தனை நாளா?" என்றார் ஆட்டோக்காரம்மா.

"மொதல்ல இருந்தே" என்றார் மாமா, தரையைப் பார்த்து.

"அப்ப எம்பொண்ணோட ஒரு காதுத் தோடு உங்க வீட்லதான் இருக்கு."

சாயங்காலம் கடையைத் திறந்து துணியை உருவி, மின்தராசை வெளியே வைத்தேன். குன்றிமணி: தரையில் மூன்று, கையில் ஒன்று, தட்டில் இரண்டு. ஆறும் நேர். தோடு: ஒரு காது பாக்கி.