சூளை கூப்பிட்ட பெயர்

சூளை பேசுகிறது என்றபோது மாரியப்பன் நம்பவில்லை. வேலைக்கு மட்டம் போட ஆயிரம் காரணம் சொல்கிற கூட்டம், இது ஆயிரத்தொன்று என்று நினைத்தான். ஆனால் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"மாண்டோர், உள்ளேருந்து உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுது. மாரி, மாரிங்குது."

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோர மேட்டில் பாழாய்க் கிடந்த பழைய செங்கல் சூளையை இடித்து, உடையாத கல்லைப் பொறுக்கி அடுக்குவதுதான் வேலை. அந்தக் கூட்டத்துக்கு மாரியப்பன் மேஸ்திரி. இந்த ஊர் வழக்கில் மாண்டோர். கூப்பிடுவது யார் என்று எவனும் அவனிடம் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நினைப்புத்தான்.

பெருவெள்ளம் வந்த வருஷம் அவன் பெண்டாட்டி பவுனம்மாள் விறகு பொறுக்க இந்தச் சூளைப் பக்கம் போனாள். கூலிகள் குடியிருந்த லயத்தையே ஆறு தூக்கிக்கொண்டு போன நாள் அது. மற்ற பிணங்கள் கரை ஒதுங்கின. அவள் ஒதுங்கவில்லை. பிறகு கிள்ளானிலிருந்து வந்த ஒருத்தன், வெள்ளத்தன்று அவளை யாரோ ஒருத்தனோடு சம்பான் படகில் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருத்தன், அது வேறு எவளோ, சேலை நிறம்தான் ஒன்று என்றான். அன்றிலிருந்து மாரியப்பன் பெண்டாட்டி செத்தவனா, பெண்டாட்டி ஓடிப்போனவனா என்று அவனுக்கே தெரியாது. திதி கொடுக்கவும் வழியில்லை, திட்டித் தீர்க்கவும் வழியில்லை.

இப்போது தெரிந்தாக வேண்டும். கல் சுமக்கிற வீரம்மாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். அவள் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். வார்த்தைக்கு வெல்லம் பூசத் தெரியாதவள்.

"உசுரோட இருந்தா சக்களத்தி, செத்திருந்தா பேயி. எது வந்து என் தலைமயிரைப் பிடிக்கப் போகுதுன்னு சொல்லு. அதுக்கப்புறம் தாலியைப் பத்திப் பேசலாம்."

அதனால்தான் கிள்ளானிலிருந்து நாகையா ரயிலேறி வந்தார். பேயோட்டுவதில் பேர் போனவர். கையில் ஒரு பை, பை நிறைய எலுமிச்சம்பழம், வாய் நிறைய வெற்றிலை.

"ராத்திரிக்குத் தங்குவீங்களாண்ணே?" என்று கேட்டான் மாரியப்பன்.

"எதுக்கு? ராத்திரி அதுக்குப் பலம். உச்சிவெயில்ல நம்ம நிழலே காலுக்கடியில பதுங்கிடும். அதுக்கு ஒளிய எடம் ஏது? சோறு பொங்கச் சொல்லு, உச்சிக்கு ஆரம்பிச்சு சாப்பாட்டுக்கு முடிச்சிடுவோம்."

உச்சிவெயிலில் சூளை வாசல் முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். வெயிலில் சுவாலையே தெரியவில்லை. ஆட்கள் கல்லடுக்குக்குப் பின்னால் நின்றார்கள். கல் ஏற்ற வந்திருந்த மலாய்க்கார வண்டிக்காரர் பாக் சமாட் மட்டும் வண்டியை விட்டு இறங்காமல் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாகையா எலுமிச்சம்பழத்தை அறுத்து இருட்டுக்குள் எறிந்தார். பழம் தரையில் விழுகிற சத்தம் வரவில்லை. தண்ணீரில் விழுகிற சத்தம் வந்தது. சூளைக்குள் தண்ணீர் கிடையாது. காலையில்தான் மாரியப்பன் உள்ளே போய்ப் பார்த்திருந்தான்.

பிறகு அது கூப்பிட்டது.

"மாரி."

கனத்த குரல். ஆணா பெண்ணா என்று பிடிபடவில்லை, ஈரச் சாக்குக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது.

"கேட்டியா? உன் பொண்டாட்டிதான்," என்றார் நாகையா. "செத்துட்டா. சந்தேகமே வேண்டாம். படையல் போட்டு அனுப்பி வச்சிருவோம்."

மாரியப்பனுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த மூச்சிலேயே அது போய்விட்டது.

"அவ என் பேரைச் சொன்னதே இல்லண்ணே."

"எவதான் புருஷன் பேரைச் சொல்றா?"

"இவ கதை வேற. மாரியம்மன் கோயிலைக்கூட ஆத்தா கோயிலும்பா. ஆஸ்பத்திரியில புருஷன் பேரு கேட்டா கோயில் கோபுரத்தைக் கை காட்டுவா."

"செத்தவளுக்கு என்னடா வெக்கம்? வாயைக் கட்டுன கயிறு அறுந்து போச்சு, சொல்றா."

வண்டிமேலிருந்து பாக் சமாட் சிரித்தார். கூலிகளோடு பழகிப் பழகித் தமிழ் படித்தவர் அவர்.

"பேரு இல்லே லா, மாண்டோர். மாரின்னா வா. பாசார்ல தினம் கேக்கிறே, மாரி சினி, மாரி சினின்னு. இங்கே வா. உள்ளே இருக்கிறது வான்னு கூப்பிடுது, நீ உன் பேருன்னு நெனைக்கிறே."

இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து காதில் விழுகிற மலாய் வார்த்தை. தன் பெயராக இருந்ததால் இத்தனை பேரில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. சரி, வா என்றுதான் கூப்பிடுகிறது. யார் கூப்பிடுகிறது? யாரை?

ஏனென்றால் அதையும் பவுனம்மாள் சொல்லமாட்டாள். பாசாரில் மீன்காரி "மாரி, மாரி" என்று கத்தினால் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். பலகாரக்காரனைக் கூப்பிட வேண்டுமென்றால் முன்வார்த்தையை விழுங்கிவிட்டு "சினி, சினி" என்பாள். அவன் வேறெங்கோ போவான், இவள் பின்னாலேயே ஓடுவாள். தமிழானாலும் மலாயானாலும் அந்தச் சொல் அவள் வாயில் வராது. அப்படியானால் உள்ளே இருப்பது அவள் இல்லை. அவள் இல்லையென்றால் உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருந்தால் சம்பானில் போனவள் அவள்தான்.

இதை வீரம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் கோபம் வந்தது. கற்பூரத்தைத் தாண்டிச் சூளைக்குள் நடந்தான்.

"டேய், நில்லுடா!" என்று கத்திக்கொண்டே நாகையாவும் பின்னால் வந்தார். வந்த காரியம் கெட்டால் கிள்ளானில் பேர் கெட்டுவிடும்.

உள்ளே குளிர்ந்தது. தரை காய்ந்துதான் கிடந்தது, ஆனால் முழங்கால்வரை ஈரம் ஏறுவது தெரிந்தது. சுவரில் கை வைத்தான். தலைக்குமேல், எட்டாத உயரத்தில், வெள்ளம் நின்ற சேற்றுக்கோடு ஓடியது.

"உன் பேரைச் சொல்லு!" என்று நாகையா அதட்டினார். "யாரு நீ? எந்த ஊரு?"

"மாரி," என்றது இடதுபக்கச் சுவர். இப்போது தெளிவாக இருந்தது. ஆம்பளைக் குரல். தமிழன் குரல் இல்லை.

அது முடியுமுன் வலதுபக்கம், மாரியப்பனின் காதோரம், இன்னொரு குரல் மெல்லிசாகச் சேர்ந்துகொண்டது.

"சினி."

"மாரி," என்றது அது.

"சினி," என்றாள் இவள்.

ஒரே பாரத்தை இரண்டு பேர் தூக்கும்போது ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மற்றவர் முடிப்பாரே, அந்த மாதிரி. பழகிய கைகளின் வேலை. மாரியப்பன் அந்தக் குரலோடு குடித்தனம் பண்ணியவன். யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் நாகையா வியர்வையைத் துடைத்தார். "முதல்ல கேட்டது ஒரு மாதிரி, பிறகு கேட்டது வேற மாதிரி. சீனி கேக்குதுடா. சர்க்கரை. இலையில ரெண்டு கை அள்ளி வச்சிருவோம்."

மாரியப்பன் அவரைத் திருத்தவில்லை. கல்லடுக்கின் மேல் உட்கார்ந்தான். வீரம்மா சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு எதிரில் வந்து நின்றாள்.

"செத்துட்டாளா?"

"செத்துட்டா."

"சத்தியமா?"

"சத்தியமா. அவதான். கேட்டேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சியைப் பொணம் மாதிரி வச்சிருக்கே?"

"யாரோட செத்தாள்னு தெரியல."

வீரம்மா சூளையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். உள்ளே கேட்ட இரண்டு குரலையும் அவன் சொன்னான். வெள்ளம் ஏறும்போது மேட்டில் இருந்த சூளைக்கு வந்து நின்ற எவனோ ஒருத்தன், தண்ணீரில் போகிறவர்களை இங்கே வா, இங்கே வா என்று கூப்பிட்டிருக்கலாம். அவளும் பக்கத்தில் நின்று கூப்பிட்டிருக்கலாம். இல்லையென்றால் அவனோடு போகத்தான் வந்தாளோ, சம்பான் இந்த மேட்டில்தான் காத்திருந்ததோ. எது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஒன்று சரி என்று தோன்றும்போதே மற்றது முந்திக்கொண்டு வந்தது.

"முன்னப் பின்னத் தெரியாதவங்க அப்படிச் சேந்தாப்புல கூப்பிடுவாங்களா வீரம்மா?"

"சாவுற நேரத்துல கூப்பிடலாம்," என்றாள் அவள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டே, "கூப்பிடாமலும் இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? நான் கேட்டதுக்குப் பதில் வந்தாச்சு. உனக்கு வரல. அதைச் சுமந்துக்கிட்டுதான் வருவேன்னா வா," என்றாள்.

நாகையா வாழையிலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு இலைதானே, தம்பி?"

"ரெண்டு போடுங்கண்ணே."

"ரெண்டாவது யாருக்கு?"

"தெரியாது."

"என்னடா இது? என்ன சாதி, என்ன மதம், என்ன திம்பான்னு தெரியாம எதைப் படைக்கிறது?"

மாரியப்பன் யோசித்தான். பாக் சமாட் வண்டியிலிருந்து இறங்கிச் சுருட்டை அணைத்தார்.

"மீன் வைங்க," என்றான் மாரியப்பன். "மீனை எவனும் வேண்டாம்னு சொல்லமாட்டான்."