வேல்விழி வீட்டுக் கரண்டுப் பெட்டி

அன்றைக்கு வேல்விழி பட்டாசுக் கம்பெனி வேனைத் தவறவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஏழு அடிக்கவில்லையே என்று சாவகாசமாகத் தலை பின்னிக்கொண்டிருந்தவளுக்கு, எம். புதுப்பட்டி விலக்கில் வேன் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பும் சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் புழுதி மட்டும் நின்றது. தீபாவளி சீசன் நேரம், ஒருநாள் போகாவிட்டாலும் போர்மேன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து கடிகாரத்தைக் கழற்றித் திருப்பினாள். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அவள் புருஷன் புகழேந்தி சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவன். பகலெல்லாம் காலண்டர் அச்சடிப்பான். மிச்ச நேரமெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கிறுக்கு. சின்னச் சின்ன பல்ப் மினுங்க வைப்பான், பொட்டி ரேடியோ செய்வான். அதற்கெல்லாம் பேட்டரி வேண்டுமே! டார்ச் லைட், ரிமோட், கடிகாரம் எதையும் விட்டுவைக்க மாட்டான்.

சாயங்காலம் அவன் உள்ளே நுழையும்போதே வேல்விழி கேட்டாள்.

"வீட்டுல இன்னும் எதுல பேட்டரி பாக்கி இருக்குன்னு சொல்லுங்க. அதையும் கழட்டித் தந்துர்றேன்."

"இல்ல புள்ள, காலையில ஒரு அவசரம்..."

"எனக்கும் அவசரந்தான். வேன் போயிருச்சு."

புகழேந்திக்கு முகம் விழுந்துவிட்டது. இனி வீட்டுப் பேட்டரியைத் தொடுவதில்லை என்று இருக்கன்குடி மாரியம்மன் மேல் சத்தியம் செய்தான்.

அந்த வாரமே அவனுக்கு ஒரு வழி பிறந்தது. பிரஸ்ஸில் டிசைன் செய்யும் கம்ப்யூட்டரை மாற்றி, பழையதை மூலையில் போட்டிருந்தார்கள். அதற்குள், வீட்டுக் கரண்டைப் பேட்டரி அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் பவர் சப்ளையை மட்டும் கேட்டான். முதலாளி மகன் ஹரிபிரசாத் சிரித்தான். "எடுத்துக்கோங்கண்ணே. இடத்தை அடைச்சுக்கிட்டுத்தானே கெடக்கு." புகழேந்தி அங்கேயே பிளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்து அந்தத் தகரப் பெட்டியைக் கழற்றி மஞ்சப் பையில் கொண்டுவந்து சேர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பாயை விரித்து உட்கார்ந்தான். வேல்விழி வெங்காயம் உரிக்கிற சாக்கில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இதுல கரண்டு இருக்காது?"

"உள்ள பெரிய கண்டன்சர் இருக்கு புள்ள. பிளக்கைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் கரண்டைப் பிடிச்சு வச்சிருக்கும். அதான் ரெண்டு நாளாத் தொடாம போட்டு வச்சேன். தொறந்ததும் மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் கைய வைப்பேன்."

வேல்விழிக்கு அது புரிந்தது. கம்பெனியில் மருந்து ரூமுக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் கரண்டை இறக்கிவிட்டுத்தானே போவார்கள்.

பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தான், கரண்டு இல்லை. வயர்கள் கொத்துக்கொத்தாகக் கிடந்தன. தினமும் திரி கட்டுகிற கை சும்மா இருக்குமா? வெங்காயத்தைத் தள்ளிவைத்துவிட்டு நிறம் நிறமாகப் பிரித்துக் கட்டினாள். அவன் சொல்லிக்கொண்டே வந்தான். மஞ்சள் பன்னிரண்டு வோல்ட். சிவப்பு அஞ்சு. ஆரஞ்சு மூணு சொச்சம். கறுப்பு எல்லாத்துக்கும் பொது. ஒத்தையாய் நிற்கிற பச்சையைக் கறுப்போடு சேர்த்தால்தான் பெட்டி முழிக்கும்.

உள்ளிருந்த போர்டை வெளியே எடுத்துவிட்டு, தகரத்தில் ஓட்டை போட்டு, நிறத்துக்கு ஒரு முனை மாட்டினான். பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு சுவிட்ச். தகரத் துகள் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாதென்று வேல்விழி பிரஷ்ஷால் கூட்டித் தள்ளினாள். போர்டைத் திரும்ப உள்ளே வைத்து மூடி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைத் தட்டினான்.

உள்ளிருந்த ஃபேன் ஒரு சுற்று சுற்றியது. நின்றுவிட்டது.

திரும்பத் தட்டினான். ஒரு சுற்று. நின்றது. புகழேந்தி ஈயம் பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் பார்த்துவிட்டான். ஒரு குறையும் தெரியவில்லை. "செத்துப்போச்சு போல" என்று சுவரில் சாய்ந்துவிட்டான்.

"பிரஸ்ல ஓடுச்சுன்னு சொன்னீகளே?"

"அங்கன ஹார்ட் டிஸ்க் எல்லாம் மாட்டியிருந்துச்சு..." சொல்லும்போதே நிமிர்ந்தான். "ஏ புள்ள! இதுக்குச் சும்மா ஓடத் தெரியாது. இழுக்கறதுக்கு எதாச்சும் லோடு இருந்தாத்தான் ஓடும்!"

எழுந்து வெளியே ஓடினான். வந்தபோது கையில் ஒரு சின்ன பல்ப். அதைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் வைத்துச் சுவிட்சைத் தட்டினான். பல்ப் மங்கலாக எரிந்தது. ஃபேன் நிற்காமல் ஓடியது. மஞ்சளில் மீட்டரை வைத்தால் பன்னிரண்டு, அசையாமல் நின்றது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டார்கள்.

கத்தி முடித்ததும் வேல்விழி கேட்டாள். "பல்ப் ஏது?"

"நம்ம வண்டி பிரேக் லைட்டு."

அவளுக்குக் கோபம் வருவதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளே பல்பை வண்டிக்குத் திருப்பி மாட்ட வைத்தாள். அந்த இடத்தில் கரண்டை இழுத்துக்கொள்ள ஒரு சிமெண்ட் ரெசிஸ்டர் வந்து உட்கார்ந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் புகழேந்தி எதிர்பாராதது. அவன் பிரஸ்ஸிலிருந்து வருவதற்குள் வேல்விழி பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முதல் நாள் கரண்டை மட்டுப்படுத்த ரெசிஸ்டர் போடாமல் ஒரு எல்இடியைக் கொடுத்து 'பொட்'டென்று போக்கினாள். "சீனி வெடிச் சத்தம்கூட வரலையே" என்று சிரித்தாள். அடுத்ததை ஒழுங்காக எரியவிட்டாள். பிறகு ஒருநாள் கேட்டாள்: "தெருக் குழாயில தண்ணி வந்தா இங்கன சத்தம் கேக்குற மாதிரி பண்ண முடியுமா?"

தண்ணீர் எப்போது வருமென்று குழாய்க்கே தெரியாத ஊர். ஒரு டிரான்சிஸ்டர், சத்தம் போட ஒரு பஸ்ஸர், இரண்டு வயர். புகழேந்தி சொல்லச்சொல்ல அவளே பற்ற வைத்தாள். வயரை வேலியோரம் இழுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோய், திறந்த குழாய்க்குக் கீழே ஒரு சட்டியில் முனைகளை ஒட்டாமல் வைத்தாள். தண்ணீர் விழுந்து இரண்டையும் இணைத்தால் வீட்டில் பஸ்ஸர் அலறும். வயரைத் தொட்டால் ஷாக் அடிக்குமே என்று தெருவே பயந்தது. "பன்னெண்டு வோல்ட்டுதான், ஒண்ணும் செய்யாது" என்று எல்லோர் முன்னாலும் முனையைத் தொட்டுக் காட்டினாள்.

பஸ்ஸர் முதல் தடவை அலறியபோது தெருவே குடத்தோடு ஓடியது. அங்கே இருளாண்டித் தாத்தா நின்றிருந்தார். "வாய் கொப்பளிச்சேன்த்தா. சட்டி வச்சிருந்தீக, அதுல துப்பிட்டேன்." பெண்கள் வேல்விழியை வாட்டி எடுத்துவிட்டார்கள். அவள் சட்டியைக் கழுவி, ஒரு கம்பி வலையால் மூடிவைத்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் திரும்ப அலறியது. ஒருவரும் அசையவில்லை. வேல்விழி மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். குழாயில் தண்ணீர் கைத் தடிமனுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"மதினி! தண்ணி! நெசமாவே தண்ணி!"

பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் சோற்றுக் கையோடு ஓடிவந்தாள். பின்னால் தெருவே வந்தது. அன்றைக்கு அண்டா, குண்டான் என ஒரு பாத்திரம் காலியாக இல்லை. சோலையம்மாள் ஈரச் சேலையோடு வந்து, "எம்புட்டு ஆனாலும் சரி, எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடு ஆத்தா" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் புகழேந்தி புது ரேடியோ சர்க்யூட்டோடு ஆசையாக வந்தான். பெட்டியின் எல்லா முனையிலும் வேல்விழியின் வயர்கள் தொங்கின. தெருவிலிருந்து வந்த ஆர்டர் வரிசையாகக் காத்திருந்தது.

"கொஞ்சம் நகரு புள்ள, எனக்கு அஞ்சு வோல்ட்டு மட்டும் போதும்."

வேல்விழி பற்றவைக்கும் கோலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"வரிசையில வாங்க."