பிஸ்கட் குடுத்தது ஆர்?

மயூரி அந்தச் செய்தியைக் குறூப்பில் போட்டது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த அவர்களுடைய அடுக்குமாடியில் பன்னிரண்டு வீடுகள். தண்ணீர் வராதது, லிஃப்ட் பழுதானது எல்லாம் அந்த வட்ஸ்அப் குறூப்பில்தான் வரும். அவள் எழுதியது இதுதான்:

“என்ர மகளுக்குக் கோதுமையும் பாலும் குடுக்கிறேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் களவாக் குடுக்கிற ஆக்கள் இந்த பில்டிங்கில இருக்கினம். நம்பி விட்ட இடத்திலயே இப்பிடி நடக்குது. இனி ஒருத்தரும் அவளுக்கு ஒண்டும் குடுக்க வேண்டாம்.”

பெயர் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. மகள் யதுஷாவை அவள் நம்பி விட்ட இடம் ஒன்றே ஒன்றுதான், இரண்டாம் மாடியில் லுத்பியாவின் வீடு.

யதுஷாவுக்கு ஏழு வயது. ஓட்டிசம். பேச்சு இல்லை, வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவாள். பள்ளிக்கூட வான் ஒரு மணிக்கு அவளை இறக்கிவிடும். மயூரி அலுவலகத்திலிருந்து வர ஐந்தரை ஆகும். அந்த நாலரை மணித்தியாலமும் இரண்டு வருசமாக லுத்பியாதான் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது, மகள் பர்ஹாவுடன் இருப்பவர். காசு கொடுக்கப் போனபோது, “புள்ளயப் பாக்க சல்லியா?” என்று கையைத் தட்டிவிட்டவர்.

சாப்பாட்டு விசயம் தொடங்கி எட்டு மாதம். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் இப்படியான பிள்ளைகள் அமைதியாவார்கள் என்று லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா சொன்னாள். பெற்றோர் குழுக்களிலும் அதையே வாசித்து, மயூரி அதைப் பிடித்துக்கொண்டாள். கிளினிக் டொக்டர், “சில பேர் செய்யினம். பலன் இருக்கெண்டு நிச்சயமாச் சொல்லேலாது. செய்யிறதெண்டா சத்துக் குறையாமப் பாருங்கோ” என்றுதான் சொன்னார். முன்பாதியை மயூரி சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கோதுமைப் பாணும் பசுப்பாலும் வீட்டை விட்டுப் போயின. காலையில் சிவப்பரிசி இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி. மத்தியானத்துக்கு மயூரியே சமைத்து லுத்பியாவிடம் கொடுத்துவிடும் சோறும் ரசமும். ஒவ்வொரு நாளும் யது என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை தரம் கையைக் கடித்தாள் என்று ஒரு கொப்பியில் எழுதினாள். மெதுமெதுவாக நல்ல நாட்கள் கூடின. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடம்கூட அந்தக் கொப்பியைக் காட்டியிருக்கிறாள்.

பிறகு திடீரென்று எல்லாம் தலைகீழானது. யது கையைக் கடித்தாள், சுவரில் தலையை மோதினாள், சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிவிட்டாள். இரண்டு கிழமை இப்படிப் போனது. மூன்றாம் கிழமை வியாழக்கிழமை அவளுடைய சட்டையில் மயூரி பழுப்பு நிறத் துகள்களைக் கண்டாள். மணந்து பார்த்தாள். இனிப்பு மணம். பிள்ளையை மேலே கணவனிடம் விட்டுவிட்டு நேரே இரண்டாம் மாடிக்கு இறங்கினாள்.

“அன்ரி, பிஸ்கட் குடுத்தனீங்களா?”

“பிஸ்கட்டா? இல்ல மயூரி. அரிசிமா உருண்ட அது. நான் வறுத்துச் செஞ்சது.”

“பொய் சொல்லாதேங்கோ அன்ரி. அவள் ரெண்டு மூண்டு கிழமையாப் படுற பாடு எனக்குத் தெரியும். ஏதோ குடுபடுகுது.”

லுத்பியாவின் முகம் வெளிறிப்போனது. “அல்லாஹ் மேல சத்தியமா நான் குடுக்கல்ல” என்றார். மயூரி திரும்பினாள். படியில் ஏறும்போதே போனை எடுத்துவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து லீவு போட்டு வீட்டில் நின்றாள். தன் கையால் சமைத்ததைத் தவிர ஒரு பருக்கை பிள்ளையின் வாயில் படவில்லை. ஆனால் யதுவின் அழுகை கூடியதே ஒழியக் குறையவில்லை. ஆறாம் நாள் காலை, பிள்ளையைக் குளிப்பாட்டிய கணவன் லவன் கூப்பிட்டான்.

“மயூ, இஞ்ச வாரும். இவளின்ர சொக்கை ஒரு பக்கம் வீங்கியிருக்கு.” அவன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

பொரளையில் ஒரு பல் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். வாயைத் திறக்கவைக்க லவனும் தாதியும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. கடைவாய்ப் பல்லொன்று அடிவரை சூத்தையாகி, முரசுச் சதையில் சீழ் வைத்திருந்தது. “அனே, பவ்” என்று சிங்களத்தில் இரங்கிய அந்த வைத்தியர், குறைந்தது மூன்று கிழமையாவது பிள்ளைக்கு வலி இருந்திருக்கும் என்றார். மூன்று கிழமை. கொப்பியில் அந்த மூன்று கிழமைக்கும் மயூரி சாப்பாட்டை எழுதியிருக்கிறாள், கடித்த தரங்களை எழுதியிருக்கிறாள். ஒரு நாளாவது பிள்ளையின் வாய்க்குள் பார்த்ததாக இல்லை.

திரும்பி வரும்போது முச்சக்கர வண்டிக்குள் லவன் மெதுவாகக் கேட்டான்.

“அப்ப லுத்பியா அன்ரி?”

“அது வேற” என்றாள் மயூரி. “பல்லு பல்லுத்தான். பிஸ்கட் குடுத்தது குடுத்ததுதான்.”

தான் சொன்னதைத் தன் காதாலேயே கேட்க முடியாமல் இருந்தது அவளுக்கு.

பல்லைப் பிடுங்கிய பிறகு இரண்டே நாளில் யது அமைதியானாள். சனிக்கிழமை மயூரி காலி வீதிக் கடைக்குப் போனாள். வீட்டில் பெருங்காயத் தூள் முடிந்திருந்தது. வழக்கமாக லவன் வாங்கி வருவான். அவனே போத்தலில் கொட்டிவிட்டுப் பெட்டியை எறிந்துவிடுவான். இந்த முறை பெட்டி அவள் கையில் இருந்தது. எதை எடுத்தாலும் பின்பக்கம் திருப்பி வாசிக்கும் பழக்கத்தில் திருப்பினாள். பொடி எழுத்தில் இருந்த பட்டியலில் கோதுமை மா இருந்தது.

இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு தட்டில் இருந்த வேறு பெட்டியொன்றை எடுத்து அதையும் வாசித்தாள். அதிலும் இருந்தது.

எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் ரசத்தில் அவளே போட்டிருக்கிறாள். மற்றவர்கள் களவாகக் கொடுக்கிறார்கள் என்று எழுதிய அதே கையால். நல்ல நாட்களும் அந்த ரசத்தோடுதான் வந்தன. அப்படியானால் அவை எதனால் வந்தன என்றும் இனிச் சொல்ல முடியாது. “நோனா, மொனவத ஓனே?” என்று என்ன வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு கடைக்காரப் பெடியன் கிட்ட வந்தான். அவள் இரண்டு பெட்டியையும் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போகாமல் இரண்டாம் மாடியில் நின்று மணியை அடித்தாள். கதவைத் திறந்தது பர்ஹா.

“உம்மா தொழுறா. நில்லுங்க.”

உள்ளே வா என்று சொல்லவில்லை. திறந்த கதவினூடே குசினித் தட்டுத் தெரிந்தது. அதில் தனியாக ஒரு சின்னச் சட்டி, பிடியில் ஒட்டிய பிளாஸ்ரரில் “யது” என்று பேனையால் எழுதியிருந்தது. மயூரியின் கண் போன இடத்தைப் பர்ஹா கண்டாள்.

“அது உங்கட மகள்ட சட்டி. பாண் புடிச்ச கையால தொடக்கூடாதுன்னு எங்களையே உம்மா தொட விடல்ல.”

லுத்பியா வந்தார். மயூரி நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். பல்லை, பெருங்காயத்தை, முச்சக்கர வண்டியில் தான் சொன்னதைக்கூட. “என்னை மன்னியுங்கோ அன்ரி” என்றாள்.

லுத்பியா தொழுகைத் துணியைத் தலையிலிருந்து எடுத்து மடித்தார்.

“எனக்கிட்டச் சொல்லி என்ன மயூரி? பன்னெண்டு வீட்டுக்கும்தானே சொன்னீங்க. லிஃப்டுல நான் ஏறினா ஆக்கள் பேச்ச நிப்பாட்டுறாங்க.”

மேலே வந்து போனை எடுத்தாள். லவன் அருகில் இருந்து, “பெயர் போடாமல் எழுதுமன். முதல் போட்டதிலயும் பெயர் இல்லைத்தானே” என்றான். அவள் தலையாட்டவில்லை. எழுதினாள்:

“போன கிழமை நான் போட்டது லுத்பியா அன்ரியைப் பற்றித்தான். அது பிழை. அவ ஒண்டும் குடுக்கேல்லை. பிள்ளைக்குப் பல்லு வருத்தம், அதை நான் கவனிக்கேல்லை. கோதுமை குடுத்தது நான். எங்கட வீட்டுப் பெருங்காயத்தில இருந்தது. லுத்பியா அன்ரியிட்ட எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன். மயூரி.”

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்துப் பார்த்தாள். பதினொரு பேர் பார்த்திருந்தார்கள். ஐந்தாம் மாடி கிளெமென்ற் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார். வேறொருத்தி “பரவாயில்ல அக்கா, அம்மாமாருக்கு நடக்கிறதுதானே” என்று எழுதியிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள் போலிருந்தது. லுத்பியாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஞாயிறு மாலை பர்ஹா மேலே வந்தாள். “நாளைக்கு மகளைக் கொண்டுவரட்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

திங்கட்கிழமை யதுவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பிடுங்கிய இடம் இன்னும் ஆறவில்லை. மயூரி அலுவலகத்துக்குப் போகும் வழியில் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். கதவு திறந்ததும் யது தாயின் கையை உதறிவிட்டு லுத்பியாவின் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். லுத்பியா அவளுடைய தலையைத் தடவினார். பிறகு மேசையிலிருந்து ஒரு தாளும் பேனையும் எடுத்து மயூரியிடம் நீட்டினார்.

“என்ன குடுக்கலாம், என்ன குடுக்கக்கூடாதுன்னு எழுதித் தாங்க.”

“வேண்டாம் அன்ரி. நீங்கள் எது குடுத்தாலும் எனக்குச் சரி.”

“இல்ல. புள்ள வரட்டும், எனக்கு அதுல ஒண்டுமில்ல. ஆனா இனி எழுத்துல இரிக்கட்டும். கீழ கையெழுத்தும் போடுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மயூரிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அலுவலகப் பையை நிலத்தில் வைத்துவிட்டு, வாசலுக்கு எதிரே படியில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள். மேல்மாடிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள், தலையை நிமிர்த்தவில்லை. எழுதி முடித்துக் கீழே தன் முழுப் பெயரையும் போட்டு, எழுந்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

லுத்பியா அதை முழுவதும் வாசித்தார். “சரி, போய்ட்டு வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.