டீ வேண்டாம் என்ற நோரிஸ்

மாலை நான்கு மணிக்கு வந்த சுழல்காற்று எங்கள் தெருவில் மூன்றே நிமிடம்தான் இருந்தது. அதற்குள் பதினோரு வீட்டுக் கூரையைப் பெயர்த்து, யாரோ வீட்டுப் பிள்ளைகள் குதித்து விளையாடும் டிராம்போலினைத் தூக்கித் தேவாலயத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டது. ரேடியோவில் "பலத்த காற்று" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரண்ட் இல்லை. சின்ன கேஸ் அடுப்பை வாசலில் வைத்துத் தெருவுக்கே டீ போட்டேன். தீயணைப்புப் படையிலிருந்து வந்த இளம்பெண் வீடு வீடாகத் தட்டி, பட்டியலில் குறித்துக்கொண்டே வந்தாள். பக்கத்து வீட்டு நோரிஸ் எழுபத்தாறு வயதுத் தனி ஆள். அவர் கதவில் தபால் போடும் துளை வழியாகக் குரல் கொடுத்தாள்.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. கொஞ்சம் காத்து வருது, அவ்வளவுதான். மத்தவங்களைப் பாருங்க."

அவள் டிக் போட்டாள். நான் துளைக்குக் குனிந்தேன்.

"நோரிஸ், டீ கொண்டு வரட்டுமா?"



"வேண்டாம், ஐரீன்."

சட்டென்று நிமிர்ந்தேன். குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்று இருபத்திரண்டு வருடமாக என்னோடு சண்டை போடுகிற மனுஷன். மனைவியை அடக்கம் செய்த அன்றுகூட என் கையால் இரண்டு கப் குடித்தவர்.

"ஏம்மா, கதவை உடை."

"அவரு நல்லா இருக்கேன்னாரே?"

"டீ வேண்டாங்கிறாரு!"

அவளும், கொடுத்த டீயை யாரும் மறுக்காத இந்த ஊர்ப் பெண்தான். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை, கோடாரியை எடுத்தாள்.

செங்கல் புகைபோக்கி இடிந்து, கூரையையும் மாடியையும் பொத்துக்கொண்டு நடைக்கே வந்திருந்தது. செங்கல் குவியலுக்கு அடியில் இடுப்புவரை நோரிஸ். முகமெல்லாம் சுண்ணாம்பு.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க," என்றார். "கார்பெட் புதுசு."

செங்கல்லை அள்ளி அவரை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னதும் நான் தெருவில் நின்று அழுதேன். பாதி பயம், பாதி கோபம்.

"ஏன்யா வாயைத் திறந்து சொல்லல?" என்று நோரிஸிடம் கத்தினேன்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி இருந்துச்சே."

"டீக்குச் சரின்னு சொல்லியிருந்தீங்கன்னா வாசல்ல வச்சுட்டு நான் போயிருப்பேன். தெரியுமா?"

"தெரியும். சொல்லலாம்னுதான் நினைச்சேன்," என்றார் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி. "ஆனா எழுந்து வந்து எடுக்க முடியாதே. டீ வீணாப் போயிடும்."