இலையோடு ஒரு பெட்டி

சீனாவுக்குப் போகும் ஆரஞ்சில் இலை இருக்கக் கூடாது. ஒரே ஒரு இலை தென்பட்டாலும் துறைமுகத்திலேயே திருப்பிவிடுவார்கள். ஆரஞ்சு விளையும் எங்கள் நுபாரியாவில் இது தெரியாத ஆளே கிடையாது. பழம் அடைத்து அனுப்பும் கூடத்தின் மேலாளன் நான், எனக்குத் தெரியாதா?

தெரிந்துதான் செய்தேன். சீனாவில் எங்கள் பழத்தை வாங்குகிற லியாங், போன குளிர்காலத்தில் இங்கே வந்து, ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கும் என் நண்பன் ஷஹாத்தா வீட்டில் எங்களோடு உட்கார்ந்து வாத்துக்கறி சாப்பிட்டவர். அவருக்குப் போய் மொட்டைப் பழமா? எங்கள் ஊரில் மதிக்கிற மனிதருக்கு இலையோடுதான் கொடுப்போம். கண்டெய்னரை மூடும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு பெட்டி உள்ளே வைத்தேன். போய்ச் சேர்ந்ததும் போனில் அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு. என்ன புத்தியோ!

பெட்டியில் இருந்தது ஷஹாத்தா தோட்டத்து எண். செவ்வாய்க்கிழமை காலை கடிதம் வந்தது. சரக்கு திரும்புகிறது, இந்தப் பருவம் முழுக்க அந்தத் தோட்டத்துப் பழம் சீனாவுக்குள் வரக் கூடாது. கடிதத்தை ஷஹாத்தாவுக்கு அனுப்பிவிட்டு, நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். கோழை.

புதன்கிழமைதான் போனேன்.

"வாடா வஹ்தான். எவன் வேலைன்னு கண்டுபிடிச்சிட்டேன்," என்றான் ஷஹாத்தா.

"யாரு?"

"வேற யாரு, என் மச்சான் தல்பாதான். பறிக்கிற ஆளுங்களுக்கு மேஸ்திரி அவன்தானே? பதினோரு வருஷமா இங்க சோறு தின்னவனுக்கு இலைய ஒட்ட நறுக்கத் தெரியல. 'நான் இல்ல மாமா'ன்னு அழுதான். விரட்டிட்டேன்."

"அவன் இல்ல ஷஹாத்தா. லியாங்குக்குன்னு நான்தான் வச்சேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நேத்து சாயங்காலம் அத்தன பேர் முன்னாடி வாய விட்டுட்டேன்டா. தல்பா இனி இந்தத் தோட்டத்துல கால் வச்சா அவன் அக்காவுக்கு, என் பொண்டாட்டிக்கு, தலாக்குன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"ஷேக்குகிட்ட போய்க் கேப்போம். சத்தியத்துக்குப் பரிகாரம் எதாவது சொல்வாரு."

"யாருக்காகக் கேக்க? அவன்தான் விடியக்காலைல பொழப்புத் தேடி லிபியாவுக்கு வண்டி ஏறிட்டானே."

ஷஹாத்தாவின் மனைவி நஃபீசா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

"நேத்தே வந்து சொல்லிருக்கலாமேண்ணே," என்றாள்.

அவள் தம்பி அழுதுகொண்டிருந்த நேரத்தில் நான் வீட்டில்தான் இருந்தேன், இரண்டு தெரு தள்ளி.