கொடிக்கம்பத்தடியில் வருகைப்பதிவு

மிஸஸ் ஆர்டிஸ் ஹோல்ம் பாடம் நடத்திய மாவட்டம் எவ்வளவு பெரியது என்றால், ஒரு ஓரத்தில் நின்று தும்மினால் மறு ஓரத்தில் இருப்பவருக்கு அடுத்த வாரம்தான் ஜலதோஷம் பிடிக்கும். கிழக்கு மொன்டானாவில் மாடுகளுக்கு என்றைக்கும் குறைவில்லை. பிள்ளைகள்தான் குறைந்துபோனார்கள். கெட்டில் க்ரீக் தொடக்கப்பள்ளியை ஐந்து வருடத்துக்கு முன்பே கல்வி வாரியம் இணையத்துக்கு மாற்றிவிட்டது. இப்போது மிஞ்சியது பதினொரு பேர். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அவரவர் பண்ணைவீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து படித்தார்கள்.

ஆனால் ஆசிரியர் மட்டும் பள்ளிக் கட்டிடத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி. ஆகவே ஆறு வகுப்பறை, முழங்கால் உயரத்தில் நான்கு குடிநீர்க் குழாய், எட்டுக் கழிப்பறை எல்லாம் ஆர்டிஸ் ஒருத்திக்கே. நாளுக்கொரு கழிப்பறை என்று முறை வைத்துப் பார்த்தாள், வாரத்தில் நாள் போதவில்லை.

பிப்ரவரி மாதம் இந்தப் பள்ளியை மதிப்பிட வென்டெல் ப்ரூயிட் என்ற அதிகாரி வந்தார். தலைநகரிலிருந்து இருநூற்று நாற்பது மைல் பனியில் காரோட்டி வந்திருந்தார். மீசை விறைத்துப்போயிருந்தது, தட்டினால் உடையும். கையில் நாற்பது பக்கப் படிவம். நூற்றுக்கு எண்பது கிடைத்தால் மூன்று வருட அனுமதி. கிடைக்காவிட்டால் ஜூன் மாதத்தோடு பள்ளிக்குப் பூட்டு. பதினொரு பேரும் அடுத்த ஊருக்கு அறுபது மைல் பேருந்தில் போக வேண்டும். ஒன்றாம் வகுப்புக்குக் கிளம்பினால் போய்ச் சேர்வதற்குள் மீசை முளைத்துவிடும்.

படிவமோ சாதாரணப் பள்ளிகளுக்காக அச்சடித்தது.

"ஊஞ்சல் சங்கிலியெல்லாம் உறுதியா இருக்கா, மிஸஸ் ஹோல்ம்?"

"புதுசு மாதிரி இருக்குங்க. அஞ்சு வருஷமா ஒருத்தரும் ஆடல."

"சாப்பாட்டு நேரத்துல பிள்ளைங்க அடிச்சுக்கறாங்களா?"

"அடிச்சுக்கிட்டா எனக்குச் சந்தோஷமா இருக்கும்."

சிரிப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் அவர் சிரிக்கவில்லை. ஆனால் நியாயமான மனிதர். காலை முழுக்க, குழந்தைகள் உட்காரும் நாற்காலியில் முழங்காலை முகவாய் வரை மடித்து உட்கார்ந்து வகுப்பைக் கவனித்தார். கோல்ட்டர் என்ற பையன் அப்போதுதான் பிறந்த கன்றைச் சமையலறைக்குள் இழுத்துவந்து காட்டியபோது, 'கற்பித்தல் உபகரணங்கள்' என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டார். மதியம் ஆர்டிஸ் கொண்டுவந்திருந்த சில்லி என்ற இறைச்சிக் குழம்பையும் இலவங்கப்பட்டை ரோல் ரொட்டியையும் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் கட்டிடத்தில் இன்னொருவர் மெல்லும் சத்தத்தைக் கேட்டு ஐந்து வருடம் ஆகிறது. ஆர்டிஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுபத்தஞ்சு வந்திருக்கு" என்றார் வென்டெல் வாயைத் துடைத்துக்கொண்டு. "பாக்கி தீ விபத்து ஒத்திகை. அதுக்குப் பத்து. எல்லா மாணவரும் வெளியே போய், பேர் கூப்பிட்டு, மூணே நிமிஷத்துல இடத்துக்குத் திரும்பணும். இல்லேன்னா பூஜ்ஜியம்."

"மாசாமாசம் செய்யறோம்" என்றாள் ஆர்டிஸ்.

செய்துகொண்டுதான் இருந்தார்கள். மணி அடித்ததும் பதினொரு பிள்ளைகளும் எழுந்து, கோட்டை மாட்டி, வீட்டு வாசல் கேட்டுக்கு ஓடி அதன் கம்பத்தைத் தொடுவார்கள். "இருக்கேன்!" என்று புல்வெளியைப் பார்த்துக் கத்திவிட்டுத் திரும்புவார்கள். அதே நேரத்தில் ஆர்டிஸ் பள்ளிக் கொடிக்கம்பத்தடியில் நின்று பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவாள். இரண்டு குரலும் நடுவழியில் எங்கேயோ சந்தித்துக்கொள்வதாக அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு.

மணி அடித்தாள். திரையில் பதினொரு நாற்காலியும் காலியானது. ஆர்டிஸ் வெளியே ஓடினாள். வென்டெல் படிவத்தோடு பின்னால் வந்தார். குளிர் பூஜ்ஜியத்துக்குப் பத்து டிகிரி கீழே. சொன்ன வார்த்தை உறைந்து காலடியில் விழுகிற குளிர்.

"கோல்ட்டர்!" என்று கத்தினாள். "மேவிஸ்! லெய்ட்டன்!"

வென்டெல் காதைத் தீட்டிக்கொண்டார். "பதில் வரலையே?"

"வருது. நமக்குக் கேக்காது, அவ்வளவுதான்."

பதினோராவது பெயர் ஹேட்டி கோல்ஸ்டாட். மூன்று வாரத்துக்கு முன்புதான் வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள், ஆறு வயது.

உள்ளே திரும்பியபோது பத்து முகங்கள் மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. ஹேட்டியின் நாற்காலி மட்டும் காலி. மூன்று நிமிடம் கடந்தது. ஐந்து. ஆர்டிஸ் கோல்ஸ்டாட் வீட்டுக்குத் தொலைபேசி செய்தாள். மணி அந்தச் சமையலறையில் அடிப்பது திரை வழியாகவே கேட்டது. எடுக்க ஆளில்லை. பத்து நிமிடம் ஆனதும் மேலதிகாரி பக்கத்தில் நிற்பதையும் மறந்து, "எல்லாரும் கத்துங்கடா!" என்றாள். பத்துப் பிள்ளைகளும் ஹேட்டியின் பெயரைச் சொல்லிக் கத்திய கத்தலில், கோல்ட்டர் வீட்டுக் கன்று முதன்முறையாக எழுந்து நின்றது.

பசு ஈனும் கொட்டகையிலிருந்து வீட்டுக்குக் காபிக்கு வந்த ஹேட்டியின் அப்பா ஆரின் கோல்ஸ்டாட் காதில் அது விழுந்தது. சட்டை முழுக்க, முழங்கை வரை ரத்தக்கறையோடு திரைக்குள் எட்டிப்பார்த்தார். "என்ன கூத்து இது? யார் வீடு எரியுது?"

"ஆரின், ஹேட்டி வாசல் கேட் கிட்ட நிக்கறாளா பாருங்க!"

நின்றாள். பத்தொன்பது நிமிடம் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அப்பா அவளைத் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தபோது மூக்கு தக்காளியாகியிருந்தது.

"ஏன்டா செல்லம் திரும்பி வரல?" என்றாள் ஆர்டிஸ்.

"நீங்க என்னைக் கூப்பிடவே இல்லையே. பேர் கூப்பிடற வரைக்கும் நகரக் கூடாது. பழைய ஸ்கூல்ல அதான் ரூல்."

"கூப்பிட்டேன்மா. சத்தமாத்தான் கூப்பிட்டேன்."

"எனக்குக் கேக்கல."

"சரி, இனிமே கேக்கலைன்னாலும் வந்துடு."

ஹேட்டி யோசித்தாள். "அப்போ நான் எரிஞ்சு போகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வென்டெல் பத்தொன்பது என்று எழுதி, பக்கத்தில் பூஜ்ஜியம் போட்டார். பிறகு படிவத்தைப் புரட்டினார். "அதே நாள்ல ஒரு தடவை திருப்பிச் செய்யலாம்னு இருக்கு. அந்த வீடு எவ்வளவு தூரம்?"

"முப்பத்தெட்டு மைல்."

"ரெண்டு மணிக்கு வெச்சுக்கங்க." கோட்டை மாட்டிக்கொண்டார். "மாணவர் நிக்கற இடத்துலதான் அதிகாரி நிக்கணும். அப்படித்தான் போட்டிருக்கு."

எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று ஆர்டிஸ் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு மறுபடி மணி அடித்தாள். மறுபடி காலி நாற்காலிகள். கொடிக்கம்பத்தடியில் தனியாக நின்று கத்தினாள். ஹேட்டியின் பெயரை மட்டும் இரண்டு முறை கூப்பிட்டாள். உள்ளே ஓடிவந்தபோது பத்துப் பேர் வந்தாகிவிட்டது. கடிகாரத்தில் இரண்டரை நிமிடம். இரண்டே முக்கால். ஹேட்டியின் சமையலறைக் கதவு திறந்தது. அவளும், பின்னால் மீசை மறுபடி விறைத்துப்போன வென்டெலும்.

"ரெண்டு நிமிஷம் அம்பத்திரண்டு செகண்ட்" என்றார் மூச்சு வாங்க. "எண்பத்தஞ்சு. பாஸ், மிஸஸ் ஹோல்ம்."

"இவர்தான் கூப்பிட்டார்" என்றாள் ஹேட்டி. "உங்க சத்தம் வரவே இல்ல. இவர் சத்தம் பயங்கரம். மாடெல்லாம் ஓடிப்போச்சு."

வென்டெல் அங்கிருந்தே நெடுஞ்சாலையைப் பிடித்துப் போய்விட்டார். மூன்று மணிக்குப் பிள்ளைகள் திரையில் ஒவ்வொருவராக அணைந்தார்கள். அனுமதிக் கடிதம் மறுநாள் காலை திரையில் வந்தது. மூன்று வருடம். ஆர்டிஸுக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. எழுந்தாள். பிறகு கணக்குப் போட்டாள்: வருடத்துக்குப் பத்து ஒத்திகை, மொத்தம் முப்பது முறை அந்தக் கம்பத்தடி. உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஒத்திகை மார்ச் பன்னிரண்டு. ஆரினுடைய பசுக்கள் அன்றைக்கும் ஈன்றுகொண்டுதான் இருக்கும். ஹேட்டியை யார் கூப்பிடுவது? கடிதம் வந்த முகவரிக்கே பதில் எழுதினாள்: 'மார்ச் பன்னிரண்டு உங்களுக்கு வசதிப்படுமா, மிஸ்டர் ப்ரூயிட்? ரோல் செய்து வைக்கிறேன்.'

அனுப்பிய கையை எடுப்பதற்குள் பதில் வந்தது. 'இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லை.'

இரண்டு முறை படித்தாள். பிறகு நாள்காட்டியில் பன்னிரண்டாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, மடிக்கணினியோடு காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், கோல்ஸ்டாட் வீட்டுக் கேட், என்று எழுதினாள். ஆசிரியர் கட்டிடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி அன்றைக்கு உடையும். கொடிக்கம்பத்தடியில் யாரும் நிற்கப்போவதில்லை. அதைப் பார்க்க மூன்று வருடத்துக்கு யாரும் வரப்போவதும் இல்லை.